ஆவணி விடுமுறையில் குளக்கட்டில் வண்ணத்துப்பூச்சி எண்ணுவது: வன்னிக்கு எந்த முறை சரிவரும்?

சுற்றாடல் ரீச்சர்

வணக்கம். இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் பத்துப் பேர், தரம் 9, 10. ஓகஸ்ட் விடுமுறையில் ஊர்க்குளத்தைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிப் பதியலாம் என்று யோசனை. பிரித்தானியாவில் யூலை, ஓகஸ்டில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் நின்று எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் யூலை 4ஐ ஒட்டி ஒரு வட்டத்துக்குள் நாள் முழுக்க எண்ணுகிறார்கள். அதை இங்கே அப்படியே செய்தால் சரிவருமா?

குளத்தின் ஒரு பக்கம் வயல், வாய்க்கால். மறுபக்கம் பாலையும் வீரையும் நிற்கிற காடு. கமரா ஒன்று, கைத்தொலைபேசி மூன்று இருக்கின்றன, தொலைநோக்கி இல்லை. எத்தனை மணிக்குப் போவது, எவ்வளவு தூரம் நடப்பது, வலை வேண்டுமா, பறக்கும்போது பெயர் பிடிபடாததை என்னவென்று எழுதுவது? அனுமதி யாரிடம் கேட்பது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அலைகரை

ரீச்சர், காலத்திலிருந்து தொடங்குவோம். மற்றதெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது.

பிரித்தானியாவில் அந்த நாட்களைத் தேர்ந்ததற்குக் காரணம், அங்கே பெரும்பாலான இனங்கள் சிறகோடு திரிகிற உச்சகாலம் அது என்பதுதான். குளிர்காலம் முழுக்க முட்டையாக, புழுவாக, கூடாகக் கிடந்துவிட்டு வெயிலுக்கு வெளியே வருகின்றன. வன்னியில் கணக்கு நேர்மாறு. எங்களுக்கு மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. அந்த மழையில் துளிர்க்கிற இலையைத் தின்றுதான் புழு வளரும். ஆகவே மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை பெருந்தொகை. சித்திரையில் இடியோடு நாலு மழை விழுந்தால் பின்னால் ஒரு சிறு எழுச்சி. ஆனியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) அடித்து, பற்றையெல்லாம் காய்ந்து, தொகை அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

அதற்காக ஓகஸ்டில் எண்ண வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வறட்சியில் எவை மிஞ்சுகின்றன, எந்த இடத்தில் ஒதுங்குகின்றன என்பதை அப்போதுதான் பார்க்கலாம். காடு காய்ந்து கிடக்க, கட்டுக்குக் கீழே கசிவுநீர் ஊறுகிற அந்த ஒரு துண்டுப் பச்சையில்தான் பாதிக் கணக்கு விழும். ஆனால் ஓகஸ்டில் மட்டும் எண்ணி "எங்கள் குளத்தில் இவ்வளவு இனம்தான்" என்று எழுதினால் அது பிழை. அதே பாதையில் தை மாதமும் ஒருமுறை நடக்க வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

முறைக்கு வருவோம். இங்கிலாந்தில் எர்னி பொலார்ட் என்பவர் வகுத்த நடைமுறை 1976 தொடக்கம் அங்கே தேசியக் கணிப்பில் ஓடுகிறது. அது குளக்கட்டுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு பாதையை நிரந்தரமாகத் தெரிவு செய்து, மெதுவாக ஒரே வேகத்தில் நடந்து, உங்களைச் சுற்றியுள்ள ஒரு கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணுவது. பெட்டியின் அளவு இடப்பக்கம் 2.5 மீற்றர், வலப்பக்கம் 2.5 மீற்றர், முன்னால் 5 மீற்றர், உயரம் 5 மீற்றர். பின்னால் வருவது கணக்கில்லை. பத்து மீற்றருக்கு அப்பால் எவ்வளவு வடிவான பூச்சி பறந்தாலும் கணக்கில்லை. பிள்ளைகளுக்கு இதுதான் கடினம். முதல் நாள் எண்ணாமல் 5 மீற்றர்க் கயிறு ஒன்றை விரித்துக் காட்டி, அந்தத் தூரத்தைக் கண்ணுக்குப் பழக்குங்கள்.

பாதை 1 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம், 600 முதல் 800 மீற்றர் போதும். அதை நிலத்தின் தன்மைப்படி துண்டுகளாகப் பிரியுங்கள்: கட்டின் மேல், கட்டின் கீழ்க் கசிவுநிலம், துருசிலிருந்து (மதகு) போகிற வாய்க்கால் ஓரம், காட்டோரம், அலைகரை (குளத்து நீர்விளிம்பு). ஒவ்வொன்றும் 100 முதல் 200 மீற்றர். தொடக்கமும் முடிவும் நகராத அடையாளமாக இருக்க வேண்டும். துருசுக் கதவு, கிலோமீற்றர்க் கல், பெரிய மருதமரம் நல்லவை. வேலிக்கம்பை அடுத்த மாதம் ஆராவது பிடுங்கிவிடுவார்கள். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு துண்டின் இரு முனையின் ஆள்கூறுகளையும் குறித்து வையுங்கள்.

பத்துப் பேரையும் ஒரே வரிசையில் விட்டால் முன்னால் போகிறவர் எழுப்பிவிட்டதைப் பின்னால் வருகிறவர் திரும்ப எண்ணுவார். ஐந்து ஐந்தாகப் பிரித்து வேறு நாளிலோ வேறு பாதையிலோ விடுங்கள். ஐவரில் ஒருவர் மட்டும் எண்ணுபவர், இனமும் தொகையும் வாயால் சொல்லுவார். ஒருவர் எழுதுவார். ஒருவர் படம் எடுப்பார். மற்ற இருவர் ஐந்து மீற்றர் பின்னால், ஒருவர் நேரத்துக்கு, ஒருவர் பூச்செடிகளைக் குறிக்க. துண்டு மாறும்போது வேலையை மாற்றலாம். துண்டின் நடுவில் மாற்றக்கூடாது. இரண்டு பேர் எண்ணி இரண்டையும் கூட்டுவது ஒருபோதும் வேண்டாம்.

இனம் பிடிபடாமல் நிற்க வேண்டி வந்தால் நேரத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அந்த நிற்கிற நேரத்தில் புதிதாக வருவதைச் சேர்க்காதீர்கள். ஒன்றும் இல்லாத துண்டுக்கு 0 போடுங்கள், வெற்றிடமாக விட வேண்டாம். வெற்றிடம் என்றால் நடக்கவில்லையா, நடந்தும் காணவில்லையா என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது.

நேரம்: ஓகஸ்டில் காலை 7.45க்கு முதலடி, 10 மணிக்குள் முடிவு. அதற்கு முன் போனால் சிறகு விரித்து வெயில் காய்ந்துகொண்டிருப்பவை தவிர அதிகம் கண்ணில் படாது. பத்தரைக்குப் பின் வெப்பம் ஏறி நிழலுக்குள் ஒதுங்கிவிடும், சோளகமும் வலுக்கும். தை மாதம் 8.30 முதல் 11.30 வரை நடக்கலாம்.

காற்றை அளக்க மீற்றர் தேவையில்லை, போஃபோர்ட் என்ற காற்று அளவுகோலின் எண் போதும். இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 3. புழுதி கிளம்பி, சிறு கொப்புகள் ஆடினால் 4. சின்ன மரங்களே சாயத் தொடங்கினால் 5, அன்றைக்கு வீட்டுக்குப் போங்கள். திறந்த கட்டின் மேல் 4 வந்தாலே சின்ன நீலப் பூச்சிகள் புல்லுக்குள் இறங்கிவிடும். அதனால் சோளகக் காலத்தில் கட்டின் மேல் துண்டை முதலில் நடந்து முடித்துவிட்டு, காட்டோரத்தைக் கடைசிக்கு வையுங்கள். அந்த ஒழுங்கை ஒவ்வொரு முறையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

முதிரையடி

அலைகரை ஐயா முறையை வடிவாச் சொல்லிட்டார். நான் இனம் பிரிக்கிறதைப் பற்றி மட்டும் எழுதுறன், ஏனெண்டால் கணக்குப் பிழைக்கிறது பெரும்பாலும் அங்கதான்.

வன்னியில முதல் பொறி கிரிம்சன் ரோஸ். கறுப்புச் சிறகு, முன்சிறகில வெள்ளைப் பட்டை, பின்சிறகில சிவப்புப் புள்ளி. கொமன் மோர்மன் பெட்டையில ஒரு வடிவம் இதை அப்படியே பார்த்து அடிச்சது மாதிரி இருக்கும். சிறகைப் பார்க்காதேங்கோ, உடம்பைப் பாருங்கோ. தலையும் வயிறும் இரத்தச் சிவப்பெண்டால் ரோஸ். உடம்பு கறுப்பெண்டால் மோர்மன். கொமன் ரோசுக்கும் இதே கதைதான்: பின்சிறகில வெள்ளைத் திட்டும் வாலும் உள்ள பூச்சி, உடம்பில சிவப்பு இருந்தால் ரோஸ், இல்லாட்டி மோர்மன் பெட்டையின்ர இன்னொரு வடிவம். பறக்கிற விதத்திலயும் கொஞ்சம் பிடிக்கலாம். ரோஸ் நஞ்சுப் பூச்சி, ஒருவரும் தின்னாயினம் எண்ட துணிவில ஆறுதலாப் பறக்கும். மோர்மன் வேசம் போட்டாலும் பதகளிப்புப் போகாது, பூவில ஒரு கணம் நிண்டிட்டு அடுத்ததுக்குத் தாவும்.

இரண்டாவது பிளெயின் டைகர். எருக்கலை உள்ள இடமெல்லாம் இருக்கும், செம்மஞ்சள் நிறம். இதையும் ஒருத்தி பார்த்து அடிக்கிறாள்: டனெயிட் எக்ஃப்ளை பெட்டை. டைகரின்ர பின்சிறகு நடுவில மூண்டு அல்லது நாலு கறுப்புப் புள்ளி இருக்கும். எக்ஃப்ளைக்கு அந்த நடுப்புள்ளிகள் இல்லை, பின்சிறகின்ர மேல் விளிம்பில ஒரே ஒரு புள்ளிதான். ஓரமும் கொஞ்சம் பல்லுப் பல்லாத் தெரியும். படம் இல்லாமல் எக்ஃப்ளை எண்டு எழுத வேண்டாம். ஆண் எக்ஃப்ளை கறுப்பில பெரிய வெள்ளை வட்டங்களோட இருக்கும், அதில மயக்கம் வராது.

மூண்டாவது, வெள்ளை மஞ்சள் கூட்டம். இதுதான் தலையிடி. கொமன் எமிகிரன்ட், மொட்டில்ட் எமிகிரன்ட் இரண்டும் வேகமா, நேரா, தலைக்கு மேல போகும். மொட்டில்ட் இருந்தால் சிறகின் அடியில பழுப்புக் கீறல்கள் தெளிச்ச மாதிரித் தெரியும். பறக்கேக்க சத்தியமாப் பிரிக்க ஏலாது. "எமிகிரன்ட், இனம் தெரியாது, 14" எண்டு எழுதுங்கோ, அது நல்ல பதிவு. ஊகிச்சு ஒரு பெயரைப் போடுறதுதான் கெட்ட பதிவு. பயோனியர், கொமன் கல், அல்பற்ரொஸ் இவையும் அப்படித்தான், சிறகை மூடி இருக்கேக்க அடிப்பக்கத்தைப் படம் எடுத்தால் ஒழிய "சிறு வெள்ளை" எண்ட ஒரு நிரலுக்குள்ள விடுங்கோ. புல்லில திரியிற நகத்தளவு நீலங்களுக்கு ஒரு நிரல், ஸ்கிப்பர்களுக்கு ஒரு நிரல். புளூ டைகரும் டார்க் புளூ டைகரும் தூரத்தில ஒண்டுதான், அதுக்கும் ஒரு பொது நிரல் வையுங்கோ.

பிள்ளைகளுக்கு முதல் நாளே அறுபது இனம் படிப்பிக்க வேண்டாம். பதினைஞ்சு போதும்: கிரிம்சன் ரோஸ், கொமன் ரோஸ், கொமன் மோர்மன், லைம், பிளெயின் டைகர், கொமன் டைகர், கொமன் குரோ, லெமன் பான்சி, பீக்கொக் பான்சி, டோனி கோஸ்டர், ஜெசபெல், கிரேட் ஒரேஞ்ச் டிப், பரோனெட், கொமன் காஸ்டர், ஈவினிங் பிரவுன். மிச்சம் எல்லாம் குழு நிரல். இவ்வளவும் கைவந்தாப் பிறகு கூட்டலாம்.

செடியை அறிஞ்சால் பாதி வேலை முடிஞ்சது. ஈச்சுரமூலிக் கொடி எங்க படருதோ அங்க ரோஸ் வகை முட்டையிட வரும். தேசி, விளா, கறிவேப்பிலையில லைம். குருவிச்சை பிடிச்ச மரத்தின்ர உச்சியில ஜெசபெல். கொன்றை, தகரையில எமிகிரன்ட். மாவிலங்கில வெள்ளைக் கூட்டமும் கிரேட் ஒரேஞ்ச் டிப்பும். முதிரை மரத்தடியில கொஞ்ச நேரம் நில்லுங்கோ, பச்சைப் பட்டை மின்ன பாண்டட் பீக்கொக் வந்தாலும் வரும், அதின்ர புழு முதிரை இலையில வளருறது. ஆனால் செடி நிக்குது எண்டதுக்காகப் பூச்சியைப் பதியக்கூடாது.

ஓகஸ்டுக்கு ஒரு விசேஷம். குளம் வத்தி அலைகரை வெளிக்கேக்க சேத்தில தேட்கொடுக்குச் செடி முளைக்கும், பூ தேளின்ர வால் மாதிரிச் சுருண்டிருக்கும். அது வாடிக் காய்ஞ்ச பிறகு பாருங்கோ. டைகரும் குரோவும் காய்ஞ்ச தண்டில ஒட்டிக்கொண்டு, உறிஞ்சுகுழாயால சுரண்டிக்கொண்டு நிக்கும், கிட்டப் போனாலும் எழும்பாது. தேனுக்கில்லை. செடியிலுள்ள அல்கலொயிட் எண்ட இரசாயனத்தை ஆண்பூச்சி எடுத்துத்தான் பெட்டையைக் கவருற வாசனையைச் செய்யுது. இந்த ஒரு செடியில ஐஞ்சாறு ஒண்டா நிண்டால் படம் எடுத்து, நடத்தை நிரலில "காய்ந்த தேட்கொடுக்கில்" எண்டு எழுதுங்கோ. கிலுகிலுப்பையிலயும் இதே காட்சி கிடைக்கும்.

கிரவல் ரோட்டு

பூச்சியைப் பற்றி நிறையச் சொல்லியாயிற்று. பிள்ளைகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

மிதிவெடி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்துவருகிறது. அன்றாடம் ஆட்கள் நடக்கிற, மாடு போகிற, உழவு இயந்திரம் ஓடுகிற தடத்தை விட்டு ஒரு அடி கூட விலகக்கூடாது. வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுக்கப் பற்றைக்குள் இறங்குவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து, ஏனென்றால் கண் பூச்சியில் இருக்கும், காலில் இருக்காது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை, நட்ட தடிகள், கட்டிய நாடா எது தெரிந்தாலும் வந்த தடத்தாலேயே திரும்புங்கள். "இங்கே எடுத்து முடிந்தது" என்று ஊரில் சொல்வதை மட்டும் நம்பாமல் கிராம அலுவலரிடம் பாதையைக் காட்டிக் கேளுங்கள். விசித்திரமான உலோகப் பொருள் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து 119 பொலிஸ் இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

யானை. 7.45க்குத் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். விடியலில் குளத்தை விட்டுக் காட்டுக்குள் ஏறுகிற நேரத்தில் காட்டோரத்தில் பிள்ளைகள் நிற்கக்கூடாது. புதுச் சாணம், முறிந்த கொப்பு, பெரிய அடி கண்டால் அன்றைக்குக் காட்டோரத் துண்டை விட்டுவிடுங்கள், தாளில் "நடக்கவில்லை" என்று எழுதுங்கள். அலைகரை ஐயா சொன்ன 0 வேறு, இது வேறு. மின்வேலியைத் தாண்ட வேண்டாம். பாலைப்பழம் விழுகிற காலத்தில் கரடியும் அதே மரத்தடிக்கு வரும்.

முதலை. அலைகரையில் பூச்சிகள் ஈரச்சேற்றில் கூட்டமாக இறங்குகிற இடம் தண்ணீர் விளிம்புதான். தண்ணீருக்கு ஐந்து மீற்றருக்குள் ஒருவரும் குந்தியிருந்து படம் எடுக்கக்கூடாது. குளவிக்கூடு, பெருந்தேனீ அடை மருதமரத்திலும் துருசுக் கட்டடத்திலும் தொங்கும். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

வலை தேவையே இல்லை. பிடிப்பதும் சேகரிப்பதும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிற விசயம், ஆய்வுக்கென்றாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பார்த்து எண்ணுவதற்கு ஊர்க்குளக் கட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் அதிபரின் கடிதம், பெற்றோரின் கையொப்பம், கமக்கார அமைப்புக்கும் கிராம அலுவலருக்கும் முன்னறிவித்தல் மூன்றும் இருக்கட்டும். பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி. பாதை ஒதுக்குக்காட்டுக்குள் போனால் வனவளப் பாதுகாப்புத் திணைக்களம். மடு வீதி, சுண்டிக்குளம் இரண்டும் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை, கட்டுக்கரைக்குளமும் கொக்கிளாயும் சரணாலயங்கள், அங்கே முன் அனுமதி இல்லாமல் போக வேண்டாம். படைமுகாம் தெரிகிற பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள், வீண் விசாரணை.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி, முழுக்காற்சட்டை, சப்பாத்து. கட்டாக்காலி மாடு படுக்கிற இடத்தில் உண்ணி ஏறும், திரும்பி வந்ததும் கணுக்காலையும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். யாருக்காவது தலைசுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டு நிழலுக்குப் போங்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கம் எல்லார் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

வடலி

அலைகரை ஐயாவோடு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. முதல்முறை எண்ணுகிற பிள்ளைகளை ஓகஸ்டில் இறக்கினால் சலித்துப்போவார்கள். எட்டு நூறு மீற்றர் நடந்து பத்துப் பூச்சி கண்டால் அடுத்த கிழமை வரமாட்டார்கள். ஓகஸ்டைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, பதிவுக் கணக்கை மார்கழி, தையில் தொடங்கலாம் என்பது என் கருத்து. பயிற்சிக்குப் பதினைந்து நிமிட முறை நல்லது. கசிவுநிலத்தில் ஒரு இடம், பூத்த நாயுண்ணிப் பற்றையடியில் ஒரு இடம், அலைகரையில் பாதுகாப்பான தூரத்தில் ஒரு இடம். ஒரே இடத்தில் நிற்கும்போது விதி வேறு: ஒரு இனத்தில் ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்சத் தொகையை மட்டும் எழுத வேண்டும். ஒரே லெமன் பான்சி ஆறு தரம் வந்து போனால் அது ஆறல்ல, ஒன்று. நடந்து எண்ணும்போது கண்டதைக் கூட்டுகிறோம், நின்று எண்ணும்போது கூட்டுவதில்லை. இந்த இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

தாளில் இருக்க வேண்டியவை: திகதி, பாதையின் பெயர், எண்ணியவர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நிழலில் வெப்பநிலை, முகில் எட்டில் எத்தனை பங்கு, காற்று எண், பிறகு துண்டு வாரியாக இனமும் தொகையும், கடைசியில் நடத்தை. பென்சிலால் எழுதுங்கள், வியர்வையில் பேனை மை கரைந்துவிடும். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணி, துண்டு முடிந்ததும் இலக்கத்தில் எழுதி வட்டமிடுங்கள். அன்று மாலையே கணினி அட்டவணையில் ஏற்றுங்கள். ஒரு கிழமை விட்டால் "சி.வெ." என்று எழுதியது என்னவென்று எழுதினவருக்கே தெரியாது.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற இயற்கைப் பதிவு இணையத்தளத்தில் போடலாம். அங்கே மற்றவர்கள் இனத்தைத் திருத்தித் தருவார்கள், உறுதியானவை உலகத் தரவுத்தளத்துக்கும் போகும். ஒரு பூச்சிக்குச் சிறகின் மேற்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என்று இரண்டு படம் இருந்தால் பெயர் விரைவில் வரும். ஆனால் எத்தனை மீற்றர் நடந்தீர்கள், எதைக் காணவில்லை என்பது அங்கே ஏறாது. ஒன்றை இல்லை என்று சொல்ல அதற்கு வழியில்லை. அதனால் தாளும் அட்டவணையும்தான் உண்மையான கணக்கு, படங்கள் அதற்குச் சாட்சி.

இரண்டு மாதங்களை ஒப்பிடும்போது மொத்தத்தை ஒப்பிடாமல் 100 மீற்றருக்கு எத்தனை என்று பிரித்து ஒப்பிடுங்கள். ஒரு வருடக் கணக்கை வைத்து "குறைந்துவிட்டது" என்று சுவரொட்டி அடிக்க வேண்டாம். மாரி பிந்தினாலே தைத் தொகை தலைகீழாக மாறும்.

சுற்றாடல் ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. ஓகஸ்டில் நின்று எண்ணும் பயிற்சியும் இரண்டு நடையும், தையிலிருந்து கிழமைக்கு ஒரு நடை என்று திட்டம் போடுகிறேன். இன்னும் மூன்று சந்தேகம். அழுகிய வாழைப்பழம் வைத்தால் பூச்சிகள் வரும் என்கிறார்கள், வைக்கலாமா? சில நாட்களில் நூற்றுக்கணக்கில் ஒரே திசையில் பறந்து போகின்றனவே, அதை எப்படி எண்ணுவது? கட்டைத் துப்புரவு செய்து புல் வெட்டிவிட்டால் பாதையை மாற்ற வேண்டுமா?

முதிரையடி

பழம் வைச்சால் வரும் ரீச்சர். பரோனெட், ஈவினிங் பிரவுன், பிளாக் ராஜா இவை பூவுக்கு வாறது குறைவு, புளிச்ச பழத்துக்குத்தான் இறங்கும். கனிஞ்ச வாழைப்பழம் நாலைஞ்சு, ஒரு துண்டுப் பனங்கட்டி, பிசைஞ்சு மூடி இரண்டு நாள் வைச்சால் புளிச்சிடும். தட்டில வைச்சு ஒரு மீற்றர் உயரத்தில கட்டித் தொங்கவிட்டு, கயித்தில எண்ணெய் பூசினால் எறும்பு ஏறாது. ஆனால் உங்கட குளத்தில இதைச் செய்ய வேண்டாம். வாழைப்பழ மணத்துக்குக் குரங்கு வரும், யானை வந்தாலும் வரும். பாடசாலை வளவுக்குள்ள வைச்சுப் பாருங்கோ, அந்தத் தொகையை நடைக் கணக்கோட சேர்க்காதேங்கோ.

அதைவிட, ஆவணியில பனம்பழம் தானா விழுகிற காலம். ஊருக்குள்ள பனையடியில வெடிச்சுக் கிடக்கிற பழத்தைப் போய்ப் பாருங்கோ, ஈவினிங் பிரவுன் சருகு நிறத்தில அதிலயே ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில இதே பூச்சிக்குச் சிறகடியில கண்புள்ளிகள் தெளிவா இருக்கும், கோடையில அந்தப் புள்ளி மங்கிச் செத்தல் இலை மாதிரி வரும். பிள்ளைகள் இரண்டு இனம் எண்டு எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

அலைகரை

திசைப் பறப்புக்குத் தனித் தாள். அதைப் பெட்டி முறையால் எண்ணினால் பொய்க்கணக்கு வரும். திறந்த இடத்தில் இரண்டு அடையாளத்துக்கிடையில், ஏறக்குறைய 50 மீற்றர், ஒரு கற்பனைக் கோடு வையுங்கள். அந்தக் கோட்டைக் கடப்பவற்றை ஐந்து நிமிடம் எண்ணி, ஐந்து நிமிடம் ஆறி, திரும்ப ஐந்து நிமிடம். மூன்று முறை போதும். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்பதைத் தொலைபேசியின் திசைகாட்டியில் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். எதிர்த்திசையில் போவனவற்றையும் எண்ணிக் கழிக்காமல் தனியே வையுங்கள். பெரும்பாலும் எமிகிரன்ட், அல்பற்ரொஸ், டைகர், குரோ, சில வேளை கிரிம்சன் ரோஸ்.

சேற்றில் கூட்டமாக இருப்பவற்றுக்கும் ஒரு சொல். கிட்டப் போக முன்னமே, பத்து மீற்றரில் நின்று ஒரு படம் எடுங்கள். எழும்பிவிட்டால் எண்ண முடியாது. படத்தில் பத்துப் பத்தாக வட்டமிட்டு எண்ணி, தொகைக்குப் பக்கத்தில் "மதிப்பீடு" என்று எழுதுங்கள். பெட்டிக்குள் வந்தால்தான் நடைக் கணக்கில் சேரும், இல்லாவிட்டால் குறிப்புப் பகுதியில்.

புல் வெட்டினாலும் எரித்தாலும் பாதையை மாற்றாதீர்கள். வெட்டிய திகதியையும் எந்தத் துண்டில் எத்தனை மீற்றர் என்பதையும் குறிப்பில் எழுதி, வழமைபோல் நடந்து எண்ணுங்கள். பாதை உண்மையிலேயே அழிந்துபோனால், கட்டு உடைந்தோ வீதி போட்டோ, அந்தத் துண்டை மூடிவிட்டுப் புது இலக்கத்தோடு புதுத் துண்டு தொடங்குங்கள். பழைய இலக்கத்தைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். கமக்கார அமைப்பிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: கட்டின் உட்பக்கத்தையும் மேற்பகுதியையும் வழமைபோல் வெட்டட்டும், கீழே கசிவுநிலத்துக்கு அப்பால் வாய்க்கால் ஓரமாக இரண்டு மீற்றர் அகலத்தை மட்டும் புரட்டாதி வரைக்கும் விட முடியுமா என்று. கட்டில் மரம் வேர்விட விடுவது கட்டுக்குக் கேடு, அதைக் கேட்காதீர்கள்.